நீர்ப் பகுப்புக்கான மலிவு உலோக வினையூக்கிகள்

நீர்ப் பகுப்புக்கான மலிவு உலோக வினையூக்கிகள் என்பவை, மின்னாற்றலைக் கொண்டு நீரை ஐதரசனாகவும் ஆக்சிசனாகவும் பிரிக்கும் வினையை விரைவுபடுத்த, பிளாட்டினம், இரிடியம், ருத்தேனியம் முதலான அரிய உலோகங்களுக்கு மாற்றாக உருவாக்கப்படும் பொருட்கள் ஆகும். நிக்கல், இரும்பு, கோபால்ட்டு, மாங்கனீசு, மாலிப்டினம் ஆகிய உலோகங்களும், அவற்றின் ஆக்சைடுகள், ஐதராக்சைடுகள், சல்பைடுகள், செலீனைடுகள், பாசுபைடுகள் ஆகியனவும் இவ்வகையில் அடங்கும். தமிழ்நாட்டில் இத்துறையில் பல ஆண்டுகளாக ஆய்வு நடைபெறும் முதன்மையான இடம் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் (சிக்ரி) ஆகும்.

தேவை

உலகில் ஆண்டுதோறும் 9 கோடி டன்னுக்கும் மேற்பட்ட ஐதரசன் உருவாக்கப்படுகிறது. இதில் மிகப்பெரும் பகுதி இயற்கை எரிவளியிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் பெறப்படுவதாகும். இயற்கை எரிவளியை நீராவியுடன் வினைபுரியச் செய்யும் முறையில், 1 கிலோ ஐதரசனுக்கு ஏறத்தாழ 9 முதல் 10 கிலோ வரை கார்பன்-டை-ஆக்சைடு வெளியேறுகிறது. உர ஆலைகளும் பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகளும் ஐதரசனை மிகுதியாகப் பயன்படுத்துகின்றன. எரிபொருள் என்ற வகையில், 1 கிலோ ஐதரசன் எரியும்போது கிடைக்கும் ஆற்றல் சுமார் 2.8 கிலோ பெட்ரோலின் ஆற்றலுக்கு இணையானது. எரிந்தபின் எஞ்சுவது நீர் மட்டுமே.

சூரிய ஒளி அல்லது காற்றிலிருந்து பெறும் மின்சாரத்தால் நீரைப் பகுத்தால் கரி உமிழ்வின்றி ஐதரசன் பெறலாம். வேதியியல் நோக்கில் இது பழைய செய்தியே. 1789 இல் ஆலந்து நாட்டினரான பேட்சு வான் தூரூசுட்டுவைக்கு, டெய்மான் ஆகியோர் நிலைமின் பொறியால் நீரைப் பிரித்தனர். வோல்ட்டாவின் மின்னடுக்கு வெளியான 1800 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் நிக்கல்சனும் கார்லைலும் அதனைக் கொண்டு நீரைத் தொடர்ச்சியாகப் பகுத்துக் காட்டினர். இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் இம்முறை எரிவளி முறையை விலையில் வெல்ல முடியாமல் இருப்பதற்கு மின்சாரச் செலவே முதற்காரணம். வினையூக்கியின் பணி அச்செலவைக் குறைப்பதாகும்.

வினை நிகழும் முறை

மின்பகுப்புக் கலத்தில் இரு மின்வாய்கள் மின்பகுளியில் அமிழ்ந்திருக்கும். எதிர்மின்வாயில் ஐதரசன் வெளிப்படுகிறது. இதற்கு ஒரு மூலக்கூறுக்கு இரண்டு எதிர்மின்னிகள் போதும். நேர்மின்வாயில் ஆக்சிசன் வெளிப்படுகிறது. இதற்கு நான்கு எதிர்மின்னிகள் ஒன்றன்பின் ஒன்றாக அகற்றப்பட வேண்டும், இரு ஆக்சிசன் அணுக்கள் தம்முள் பிணைய வேண்டும். எனவே ஆக்சிசன் வினையே மந்தமானது. நீர்ப் பகுப்பைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் ஐதரசனைப் பற்றியே பேசினாலும், ஆய்வகத்தில் உழைப்பை அதிகம் வாங்குவது ஆக்சிசன் பக்கமே.

25 பாகை செல்சியசில் நீரைப் பிரிக்கக் கோட்பாட்டளவில் தேவைப்படும் மின்னழுத்தம் 1.23 வோல்ட்டு. வெளியிலிருந்து வெப்பம் எடுத்துக்கொள்ளாமல் வினை நடைபெற 1.48 வோல்ட்டு வேண்டும். நடைமுறைக் கலங்களோ 1.8 முதல் 2 வோல்ட்டு வரை கேட்கின்றன. இந்த மிகுதியில் ஒரு பகுதி மின்பகுளியின் மின்தடையால் வருவது. எஞ்சியது வினையின் மந்தத்தால் வருவது. மந்தத்தால் வரும் மிகுதி மிகை மின்னழுத்தம் எனப்படும். மிகை மின்னழுத்தத்திற்கும் மின்னோட்டத்திற்கும் இடையிலான மடக்கைத் தொடர்பை 1905 இல் சுவிட்சர்லாந்து வேதியியலாளர் சூலியசு தாஃபெல் கண்டறிந்தார். இன்றும் வினையூக்கிகள் அவர் பெயரால் அமைந்த தாஃபெல் சாய்வைக் கொண்டு ஒப்பிடப்படுகின்றன.

மிகை மின்னழுத்தத்தின் விலையை எளிதாகக் கணக்கிடலாம். 1 கிலோ ஐதரசன் உருவாகத் தேவையான மின்னூட்டத்தின் அளவு மாறாதது. ஆகவே கலத்தின் மின்னழுத்தத்தில் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் கிலோவுக்கு 26.6 அலகு (கிலோவாட்-மணி) மின்சாரம் செலவாகிறது. 1.48 வோல்ட்டில் 39.4 அலகும், 2 வோல்ட்டில் 53.2 அலகும் தேவை. வினையூக்கியை மேம்படுத்தி 0.1 வோல்ட்டைக் குறைத்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 2.7 அலகு மிச்சமாகும். ஓர் அலகின் விலை 5 ரூபாய் எனக் கொண்டால் இது 13 ரூபாய். இந்திய அரசின் இலக்கான ஆண்டுக்கு 50 இலட்சம் டன் ஐதரசனுக்கு இதே கணக்கைப் பொருத்தினால், அந்த 0.1 வோல்ட்டின் மதிப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,330 கோடி அலகு மின்சாரமாகும்.

அரிய உலோகங்களின் சிக்கல்

நல்ல வினையூக்கி, வினையில் பங்குபெறும் அணுவை மிக இறுகவும் பற்றக்கூடாது, மிகத் தளர்வாகவும் பற்றக்கூடாது. இறுகப் பற்றினால் விளைபொருள் பரப்பை விட்டு நீங்காது. தளர்வாகப் பற்றினால் வினை தொடங்கவே தொடங்காது. இக்கருத்து பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாட்டியேயின் பெயரால் வழங்குகிறது. உலோகங்களின் பற்று வலிமையை ஓர் அச்சிலும் வினை வேகத்தை மற்றோர் அச்சிலும் குறித்தால் எரிமலை வடிவில் ஒரு வரைபடம் கிடைக்கும். 1972 இல் இத்தாலியரான திராசாத்தி ஐதரசன் வினைக்கு வரைந்த இத்தகைய வரைபடத்தில் பிளாட்டினம் உச்சியை ஒட்டி அமைந்தது. நிக்கல், கோபால்ட்டு, இரும்பு ஆகியவை சரிவில் இருந்தன.

அமில ஊடகத்தில் இயங்கும் கலங்களில் ஐதரசன் பக்கம் பிளாட்டினமும் ஆக்சிசன் பக்கம் இரிடியம் ஆக்சைடும் பயன்படுகின்றன. இதில் உண்மையான தட்டுப்பாடு இரிடியத்தில்தான். உலகின் ஆண்டு இரிடிய உற்பத்தி 7 முதல் 8 டன் அளவிலேயே உள்ளது. அதுவும் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில் பிளாட்டினச் சுரங்கங்களின் துணைப்பொருளாகக் கிடைப்பதால், விலை ஏறினாலும் உற்பத்தியைத் தனியே பெருக்க இயலாது. 1 கிலோவாட்டுத் திறனுக்கு ஏறக்குறைய அரை கிராம் இரிடியம் என்ற அளவில், 10 சிகாவாட்டுத் திறனுள்ள கலங்களைக் கட்டவே 5 டன் வேண்டியிருக்கும். எடைக்கு எடை ஒப்பிட்டால் இரிடியத்தின் விலை நிக்கலின் விலையைப் போல் பல ஆயிரம் மடங்கு.

ருத்தேனியம் இரிடியத்தைவிட மலிவானது, வேகமும் மிக்கது. ஆனால் ஆக்சிசன் வெளிப்படும் மின்னழுத்தத்தில் அது மெல்லக் கரைந்துவிடுகிறது. நிக்கல், இரும்பு, கோபால்ட்டு ஆகியவை அமிலத்தில் இன்னும் விரைவாகக் கரைவன. ஆகவே மலிவு உலோகங்களைத் தேடும் ஆய்வுகளில் பெரும்பகுதி கார ஊடகத்தையே சார்ந்திருக்கிறது.

நிக்கலும் இரும்பும்

இத்துறையில் மிகவும் பயன்பட்ட கண்டுபிடிப்பு ஒரு மாசிலிருந்து கிடைத்தது. கார மின்கலத் தொழிலில் நிக்கல் மின்வாயில் இரும்பு சேர்வது நெடுங்காலமாக ஒரு கேடாகவே கருதப்பட்டது. இரும்பு கலந்த மின்வாயில் மின்னேற்றும்போது ஆக்சிசன் எளிதில் வெளியேறி, ஏற்ற வேண்டிய மின்சாரம் வீணாயிற்று. மின்கலம் செய்வோருக்குத் தொல்லையான இப்பண்பே நீரைப் பகுப்போருக்கு வேண்டியதாக இருந்தது. 1987 இல் அமெரிக்கரான டென்னிசு காரிகன், நிக்கல் ஆக்சைடில் மிகச் சிறிதளவு இரும்பு கலந்தாலும் ஆக்சிசன் வெளிப்படும் வேகம் பெரிதும் உயர்வதை முறையாக அளந்து வெளியிட்டார்.

அதன் பின்னும் ஒரு குழப்பம் நீடித்தது. நிக்கல் ஐதராக்சைடு பழகப் பழக நன்கு வேலை செய்கிறது எனப் பல ஆய்வகங்கள் எழுதிவந்தன. 2014 இல் அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சானன் போச்சரின் குழு, பொட்டாசியம் ஐதராக்சைடுக் கரைசலிலிருந்து இரும்பை முற்றிலும் நீக்கிவிட்டு அதே சோதனைகளைச் செய்தது. இரும்பற்ற கரைசலில் நிக்கல் ஐதராக்சைடு மிக மோசமான வினையூக்கியாகவே இருந்தது. அதாவது, பழகியதால் வந்த மேம்பாடு என்று கருதப்பட்டது, கடையில் வாங்கிய காரத்தில் மாசாக இருந்த இரும்பு சிறிது சிறிதாக மின்வாயில் சேர்ந்ததன் விளைவாகும். இதன்பின் முந்தைய பல ஆய்வு முடிவுகளைப் புதிதாகப் பொருள்கொள்ள வேண்டியதாயிற்று.

நிக்கலும் இரும்பும் அடுக்கடுக்கான ஐதராக்சைடுத் தாள்களாக அமையும் பொருள் இன்று கார ஊடகத்தில் ஆக்சிசன் வினைக்கு அறியப்பட்ட மிகச் சிறந்த மலிவு வினையூக்கிகளுள் ஒன்று. இதில் வினை நிகழும் இடம் இரும்பு அணுவா நிக்கல் அணுவா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரும்பு அணுக்கள் நிலையாக ஓரிடத்தில் இருப்பதும் இல்லை. வினையின்போது அவை கரைசலில் கரைவதும் மீண்டும் பரப்பில் படிவதுமாக இருப்பதாக 2020 இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே கரைசலிலும் சிறிதளவு இரும்பு இருந்தால்தான் மின்வாய் நெடுநாள் உழைக்கும்.

தேவையான இரும்பைப் பெறுவதில் இடரேதும் இல்லை. ஆய்வகங்களில் இதற்குப் பயன்படும் இரும்பு உப்புகளுள் ஒன்றான இரும்பு சல்பேட்டு, சித்த மருந்துக் கடைகளில் அன்னபேதி என்ற பெயரில் விற்கப்படும் பொருளே. எஃகைத் துப்புரவு செய்யும் ஆலைகளிலும் தைட்டானியம் ஆக்சைடு ஆலைகளிலும் இது கழிவாகவே வெளிவருகிறது.

பிற உலோகங்கள்

கோபால்ட்டு: 2008 இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் மாத்தியூ கானனும் தானியேல் நோசராவும், பாசுபேட்டுக் கரைசலில் கோபால்ட்டு உப்பைச் சேர்த்து மின்னோட்டம் செலுத்தியபோது மின்வாயில் ஒரு படலம் தானே உருவாகி, அமிலமோ காரமோ அல்லாத நீரில் ஆக்சிசனை வெளிவிடுவதைக் கண்டனர். சிதைந்த படலம் கரைசலிலிருந்து தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வது இதன் சிறப்பு. ஆயினும் கோபால்ட்டு நிக்கலைவிட விலை கூடியது. உலகத் தேவையில் பெரும்பகுதி காங்கோ மக்களாட்சிக் குடியரசின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. எனவே இதனை மலிவு உலோகம் என்று அழைப்பது பிளாட்டினத்தோடு ஒப்பிட்டு மட்டுமே பொருந்தும்.

மாலிப்டினம்: மாலிப்டினம் சல்பைடு பெட்ரோலியத்திலிருந்து கந்தகத்தை நீக்கப் பயன்படும் பழைய வினையூக்கி. உயிரினங்களில் காணப்படும் நொதிகளின் உலோக மையத்தை இது ஒத்திருப்பதைக் கொண்டு, 2005 இல் தென்மார்க்கு ஆய்வாளர்கள் கணினிக் கணக்கீட்டின் வழியே இது ஐதரசன் வினைக்கு ஏற்றது எனக் கணித்து, சோதனையாலும் காட்டினர். 2007 இல் வினை இதன் தகடுகளின் விளிம்புகளில் மட்டுமே நிகழ்கிறது, பரந்த மேற்பரப்பு பயனற்றது என்பது உறுதிப்பட்டது. அதிலிருந்து விளிம்புகளைப் பெருக்குவதே இவ்வாய்வின் போக்காயிற்று. நிக்கலும் மாலிப்டினமும் சேர்ந்த கலப்புலோகம் கார ஊடகத்தில் பிளாட்டினத்தை நெருங்கும் செயல்திறன் கொண்டது.

பாசுபைடுகள்: 2013 இல் நிக்கல் பாசுபைடு நுண்துகள்கள் அமிலத்திலும் ஐதரசனை நன்கு வெளிவிடுவது காட்டப்பட்டது.

காரைக்குடி ஆய்வுகள்

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், வள்ளல் அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாய் நன்கொடையும் கொண்டு தொடங்கப்பட்டது. 1948 சூலை 25 அன்று சவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14 அன்று அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் ச. இராதாகிருட்டிணன் திறந்து வைத்தார். அரிமானம், மின்முலாம், மின்கலங்கள் ஆகியவற்றுடன், எரிசோடா ஆலைகளுக்கான தைட்டானிய நேர்மின்வாய்களை உள்நாட்டில் உருவாக்கியதும் இவ்வாய்வகத்தின் பணிகளுள் ஒன்று. உப்புநீரைப் பகுக்கும் அந்த ஆலைகளிலும் ஐதரசன் துணைப்பொருளாக வெளிவருகிறது என்பதால், மின்வாய்ப் பூச்சுக் கலை காரைக்குடிக்குப் புதிதன்று.

நீர்ப் பகுப்பு வினையூக்கிகளில் சுப்ரதா குண்டுவின் ஆய்வுக்குழு இங்கிருந்து தொடர்ந்து கட்டுரைகளை வெளியிட்டு வந்துள்ளது. இரும்பு, கோபால்ட்டு, நிக்கல் ஆகியவற்றின் சல்பைடு, செலீனைடு, பாசுபைடு வினையூக்கிகளைப் பற்றி அனந்தராசும் குண்டுவும் பிறரும் 2016 இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் வினையூக்கவியல் இதழில் எழுதிய மீள்பார்வைக் கட்டுரை உலக அளவில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுவதாகும்.

2018 இல் இதே குழுவினர் வெளியிட்ட ஒரு கட்டுரை தமிழ்நாட்டு வாசகருக்குச் சுவையளிக்கும். வீடுகளில் பாத்திரம் துலக்கப் பயன்படும் எவர்சில்வர் கம்பி நாரையே அவர்கள் மின்வாயாக்கி, கார ஊடகத்தில் நீரின் இரு வினைகளையும் நடத்திக் காட்டினர். துருப்பிடிக்காத எஃகில் இரும்பு, குரோமியம், நிக்கல் ஆகியவை ஏற்கெனவே உள்ளன. சுருள் சுருளான நாரின் வடிவம் பரப்பைப் பெருக்குவதோடு, குமிழிகள் தங்காமல் வெளியேறவும் இடம் தருகிறது. இதனால் கம்பி நாரைக் கொண்டு தொழிற்சாலை நடத்தலாம் என்று பொருளாகாது. ஆனால் வினையூக்கி செய்வதற்கு விலையுயர்ந்த மூலப்பொருள் தேவையில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அளவீட்டுச் சிக்கல்கள்

ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான புதிய வினையூக்கிகள் அறிவிக்கப்படுகின்றன. அவற்றுள் தொழிற்சாலைக்குச் செல்வன மிகச் சிலவே. இந்த இடைவெளிக்கு ஒரு காரணம் அளவிடும் முறையில் உள்ளது. அனந்தராசு, குண்டு முதலியோர் 2018 இல் செயல்திறன் அளவீடுகளின் துல்லியம் குறித்து எழுதிய மற்றொரு கட்டுரையும் இதைப் பற்றியதே.

ஆய்வுக் கட்டுரைகளில் வழக்கமாக ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தில் மிகை மின்னழுத்தம் குறிக்கப்படுகிறது. இவ்வெண் சுமார் 10 விழுக்காடு திறனுள்ள சூரியக் கருவியின் மின்னோட்டத்தை ஒட்டித் தேர்ந்தெடுக்கப்பட்டது. தொழிற்சாலைக் கலங்களோ கார ஊடகத்தில் 200 முதல் 500 மில்லி ஆம்பியரிலும், அமிலச் சவ்வுக் கலங்களில் 1,000 மில்லி ஆம்பியருக்கு மேலும் இயங்குகின்றன. 10 மில்லி ஆம்பியரில் முதலிடம் பெற்ற பொருள் 500 இல் கடைசியிடம் பெறுவது வியப்பன்று. அந்நிலையில் குமிழிகள் பரப்பை மூடுவதும் படலம் உரிந்து விழுவதுமே முடிவைத் தீர்மானிக்கின்றன.

நிக்கல் வினையூக்கிகளில் வேறொரு பொறி உண்டு. ஆக்சிசன் வெளிப்படுவதற்குச் சற்று முன்னரே நிக்கல் தானே ஆக்சிசனேற்றம் அடைந்து மின்னோட்டம் தருகிறது. விரைவாக அளந்தால் இந்த மின்னோட்டமும் ஆக்சிசனின் கணக்கில் சேர்ந்து, வினையூக்கி உண்மையில் உள்ளதைவிடச் சிறந்ததாகத் தோன்றும். ஐதரசன் பக்கத்தில், எதிர் மின்வாயாகப் பிளாட்டினக் கம்பியை வைத்து அமிலத்தில் சோதனை செய்யும்போது, அக்கம்பி மிகச் சிறிதளவு கரைந்து சோதிக்கப்படும் பொருளின் மேல் படியக்கூடும். அப்போது மலிவு வினையூக்கி என்று அறிவிக்கப்படுவது பிளாட்டினத்தின் வேலையாகவே இருக்கலாம். கரிக்கோலை எதிர் மின்வாயாகப் பயன்படுத்துவது இதனைத் தவிர்க்கும் எளிய வழி.

சல்பைடுகளையும் பாசுபைடுகளையும் பற்றிய ஒரு கேள்வியும் இங்கு எழுகிறது. ஆக்சிசன் வெளிப்படும் மின்னழுத்தத்தில் இவை நிலைப்பதில்லை. மேற்பரப்பிலுள்ள கந்தகமும் பாசுபரசும் நீங்கி ஆக்சைடாகவோ ஐதராக்சைடாகவோ மாறிவிடுகின்றன. எனவே ஆக்சிசன் பக்கத்தில் இவற்றை வினையூக்கி என்பதைவிட வினையூக்கியின் முன்னோடி என்பதே பொருந்தும்.

எல்லாவற்றிற்கும் மேலாக உழைப்புக் காலம். கட்டுரைகளில் 24 அல்லது 50 மணிநேரச் சோதனையே பெரும்பாலும் காணப்படும். வாங்கும் நிறுவனம் எதிர்பார்ப்பதோ 60,000 முதல் 80,000 மணிநேரம், அதாவது ஏழு முதல் ஒன்பது ஆண்டுகள்.

கலங்களின் வகைகள்

கார மின்பகுப்புக் கலத்தில் 25 முதல் 30 விழுக்காடு பொட்டாசியம் ஐதராக்சைடுக் கரைசலும், நிக்கல் அல்லது நிக்கல் பூசிய எஃகு மின்வாய்களும் பயன்படுகின்றன. அலுமினியத்தைக் கரைத்து நீக்கிய நுண்துளை நிக்கல், அதனை உருவாக்கிய மரே ரானியின் பெயரால், இன்றும் எதிர்மின்வாய்ப் பூச்சாக உள்ளது. ஆகவே இவ்வகைக் கலத்தில் மலிவு உலோகம் என்பது வருங்கால இலக்கன்று, தொடக்கம் முதலே உள்ள நடைமுறை. இங்கு ஆய்வின் நோக்கம் மின்செலவைக் குறைப்பதே.

புரோத்தன் பரிமாற்றச் சவ்வுக் கலம் கச்சிதமானது, மின்சாரத்தின் ஏற்ற இறக்கங்களைத் தாங்கக்கூடியது. ஆனால் அமிலத் தன்மை கொண்டதால் இரிடியம் இன்றியமையாதது. எதிரயனிப் பரிமாற்றச் சவ்வுக் கலம் இவ்விரண்டின் நன்மைகளையும் இணைக்க முயல்கிறது. இதில் மலிவு வினையூக்கிகள் பயன்படும்; சவ்வின் ஆயுளே இதன் குறை.

திருவண்ணாமலைப் பகுதியும் கனிமங்களும்

மலிவு வினையூக்கிகளின் மூலப்பொருட்களில் இரண்டு, திருவண்ணாமலையிலும் அதற்கு மேற்கேயுள்ள பகுதியிலும் மண்ணில் உள்ளன. திருவண்ணாமலை நகரை அடுத்த கவுத்தி மலையிலும் வேடியப்பன் மலையிலும் மேக்னடைட்டு வகை இரும்புத் தாது உள்ளது. 2000களில் இங்குச் சுரங்கம் அமைக்க முன்வைக்கப்பட்ட திட்டம், காட்டையும் நீர்வரத்தையும் வேளாண்மையையும் கருதிய சுற்றுவட்டார ஊர் மக்களின் எதிர்ப்பைச் சந்தித்தது. மேற்கே தர்மபுரி மாவட்டத்தின் அரூர்ப் பகுதியில் மாலிப்டினைட்டு, அதாவது மேலே கூறிய மாலிப்டினம் சல்பைடின் இயற்கை வடிவம், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையால் கண்டறியப்பட்டுள்ளது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் பிளாட்டினக் குழும உலோகங்களின் அறிகுறிகளும் ஆராயப்பட்டுள்ளன.

பசுமை ஐதரசனுக்கு உலோகம் வேண்டும் என்பதால் இம்மலைகளை வெட்ட வேண்டும் என்ற முடிவு கணக்கில் நிற்பதில்லை. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 500 மில்லி ஆம்பியரில் இயங்கும் கலத்தில், 1 சதுர மீட்டர் மின்வாய் நாளொன்றுக்குச் சுமார் 4.5 கிலோ ஐதரசன் தரும். நாள்தோறும் 1 டன் ஐதரசன் தரும் ஆலைக்கு ஏறத்தாழ 220 சதுர மீட்டர் மின்வாய் போதும். சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிகிராம் வினையூக்கி பூசினால் ஆலை முழுவதற்கும் 2 கிலோ சற்று மேல். அதிலும் இரும்பின் பங்கு ஒரு பகுதியே. உலோகத்தின் பெரும் எடை வினையூக்கியில் இல்லை; அதனைத் தாங்கும் நிக்கல் வலையிலும் எஃகுத் தகடுகளிலும் உள்ளது. நிக்கலுக்கு இந்தியா இறக்குமதியையே நம்பியுள்ளது.

அத்தகைய ஆலைக்கு வேண்டிய பெரும் பொருட்கள் வேறு. நாளொன்றுக்கு 50,000 அலகுக்கு மேற்பட்ட மின்சாரம் வேண்டும். தமிழ்நாட்டு வெயிலில் 1 மெகாவாட்டுச் சூரிய மின்நிலையம் ஆண்டுக்கு 15 இலட்சம் அலகு அளவில் தருவதால், அதிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 28 டன் ஐதரசனே பெறலாம். வினைக்கு மட்டும் கிலோவுக்கு 9 லிட்டர் நீர் வேண்டும். தூய்மைப்படுத்துகையில் கழிவாகும் நீரையும் சேர்த்தால் தேவை மேலும் கூடும். நிலத்தடி நீரின் உப்புகள் மின்வாய்களில் படிந்து வினையூக்கியைக் கெடுக்கும் என்பதால் உப்பு நீக்கிய நீரையே பயன்படுத்த வேண்டும்.

இந்தியாவில் பயன்பாடு

நீர்ப் பகுப்பால் பேரளவில் ஐதரசன் பெறும் முறை இந்தியாவுக்குப் புதியதன்று. பஞ்சாபின் நங்கலில் 1961 இல் இயங்கத் தொடங்கிய உர ஆலை, பக்ரா அணையின் நீர்மின்சாரத்தால் நீரைப் பகுத்து ஐதரசன் பெற்று, அதிலிருந்து அம்மோனியா செய்தது. அதன் துணையாக 1962 இல் நாட்டின் முதல் கனநீர் ஆலையும் அங்கு அமைந்தது. மின்சாரத்திற்குப் பிற தேவைகள் பெருகியபோது அம்முறை கைவிடப்பட்டது.

2023 சனவரி 4 அன்று நடுவண் அமைச்சரவை 19,744 கோடி ரூபாய் மதிப்பில் தேசியப் பசுமை ஐதரசன் இயக்கத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2030 ஆம் ஆண்டுக்குள் ஆண்டுக்கு 50 இலட்சம் டன் உற்பத்தித் திறன் என்பது இதன் இலக்கு. அதே ஆண்டில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் இயற்பியல் துறையில் இராமபிரபு தலைமையிலான குழு, கடல்நீரைக் கார ஊடகத்தில் பகுப்பதற்கான உறுப்புகளை உருவாக்கியது. உலோகம் எளிதில் அரிக்கப்படும் கடல்நீரில், உலோகத் தாங்கிக்கு மாற்றாகக் கரி அடிப்படையிலான தாங்கியும், அதன்மேல் இரு இடைநிலை உலோகங்கள் சேர்ந்த வினையூக்கியும், செல்லுலோசு அடிப்படையிலான பிரிப்புப் படலமும் இதில் பயன்பட்டன. கடல்நீரில் ஆக்சிசனுக்கு மாற்றாகக் குளோரின் வெளிப்படுவதே பெருந்தடை. கார ஊடகமும் ஏற்ற வினையூக்கியும் அதனைக் குறைக்கின்றன. 2025 செப்டம்பரில் தூத்துக்குடி வ. உ. சிதம்பரனார் துறைமுகத்தில் மணிக்கு 10 கன மீட்டர் ஐதரசன் தரும் முன்னோட்ட ஆலை தொடங்கப்பட்டது.

சூரிய மின்சாரத்தால் வரும் தேய்மானம்

தொழிற்சாலைக் கலங்கள் இரவு பகல் நிற்காமல் ஓடுவதற்கென வடிவமைக்கப்பட்டவை. சூரிய மின்சாரமோ மாலையில் நின்றுவிடும், மேகம் வந்தால் தாழும். கார மின்பகுப்புக் கலங்களின் அடுக்கில் மின்சாரம் நின்றவுடன், இரு மின்வாய்களிலும் தேங்கிய வேதிப்பொருட்களால் சிறிது நேரம் மின்னோட்டம் எதிர்த்திசையில் பாய்கிறது. அப்போது எதிர்மின்வாய் ஆக்சிசனேற்றம் அடைகிறது. நிக்கல்-மாலிப்டினப் பூச்சில் மாலிப்டினம் கரைந்து வெளியேறுகிறது. ரானி நிக்கல் பூச்சும் தேய்கிறது. நாளுக்கு ஒரு முறை நிறுத்தினாலும் ஆண்டுக்கு 365 முறை இது நிகழும். நிறுத்தும்போது சிறு காப்பு மின்னோட்டத்தைத் தொடர்ந்து செலுத்துவது ஒரு தீர்வு, ஆனால் அதற்கு இரவில் மின்சாரம் வேண்டும். எதிர் மின்னோட்டத்தைத் தாங்கும் பூச்சுகளை உருவாக்குவது மற்றொன்று. இவ்வகைச் சோதனைகளில், 10 மில்லி ஆம்பியரில் சில மில்லி வோல்ட்டு குறைவு என்பதைவிட, ஆயிரம் முறை நிறுத்தித் தொடங்கிய பின்னும் மாறாத மின்னழுத்தமே வினையூக்கியின் தகுதியாகக் கொள்ளப்படுகிறது.